முதன்மைக் குழு ஏறும் முன் ஓர் அரை மணி நேரம்: 1979 அக்டோபர், பல்கலைக்கழக அரங்கில் ஜாய் டிவிஷன்

நான்காம்கம்பி எழுதியது:

மான்செஸ்டர் இசைக்குழு ஜாய் டிவிஷனைப் பற்றி எழுத உட்காருகிற எல்லோரும் 1980 மே 18-க்கே போய் நிற்கிறார்கள். அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்த நாள். அந்த இசைக்குழு வாசித்த ஒவ்வொரு கச்சேரியையும் அந்த நாளுக்கான முன்னோட்டமாகவே பார்க்கிறோம். எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்துகிறது. அதனால் ஏழு மாதம் பின்னால் போய் ஒரே ஒரு இரவைப் பற்றிப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1979 அக்டோபர் 2. லிவர்பூல் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் மவுண்ட்ஃபோர்ட் ஹால். அன்று மக்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்தது பஸ்காக்ஸ் என்ற மான்செஸ்டர் பங்க் ராக் குழுவை. அவர்களுக்கு முன்னால் ஏறி வாசித்துவிட்டு இறங்கியவர்கள்தான் ஜாய் டிவிஷன். மொத்தம் 24 ஊர்ச் சுற்றுப்பயணம், அதில் முதல் இரவு இது. மறுநாள் லீட்ஸ் பல்கலைக்கழகம். அப்புறம் நியூகாசில், ஸ்காட்லாந்து என்று நீண்டு, நவம்பர் 9, 10 தேதிகளில் லண்டன் ரெயின்போ அரங்கில் முடிந்தது.

அப்போது அவர்களின் முதல் ஆல்பம் 'அன்னோன் பிளஷர்ஸ்' வெளியாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜூனில் ஃபேக்டரி என்ற இசைத்தட்டு நிறுவனம் முதல் தவணையாக 10,000 தட்டுகள் அச்சடித்தது. செப்டம்பர் 15 அன்று பிபிசி 2 தொலைக்காட்சியில் 'டிரான்ஸ்மிஷன்' பாட்டை வாசித்துவிட்டார்கள். ஆனாலும் வேலையை விட்டுவிட்டு இசையை மட்டும் நம்பி வாழலாம் என்ற நிலை இந்தச் சுற்றுப்பயணத்தால்தான் வந்தது. கர்ட்டிஸ் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்தவர், கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னர் கார்ட்டூன் படம் எடுக்கும் நிறுவனத்தில் இருந்தவர். இன்னொரு குழுவின் ரசிகர்களுக்கு முன்னால் வாசித்த அந்த அரை மணி நேரம்தான் இவர்களை முழுநேர இசைக்கலைஞர்களாக்கியது.

நான் கேட்க நினைப்பது இதுதான். தன்னைப் பார்க்க வராத கூட்டத்துக்கு முன்னால் வாசிப்பது ஒரு குழுவை என்ன செய்கிறது?

புதியவள்22 எழுதியது:

நான் இந்த இசைக்கே புதிது. இப்படி முன்னால் வாசிப்பவர்களை 'சப்போர்ட் பேண்ட்' என்கிறார்களே. நம் பக்கவாத்தியம் மாதிரி முதன்மைக் குழுவோடு சேர்ந்து வாசிப்பவர்களா? இல்லை தனியாக வாசித்துவிட்டுப் போய்விடுவார்களா?

மிக்ஸர்மேசை எழுதியது:

பக்கவாத்தியம் இல்லை தங்கச்சி. தனிக் கச்சேரி. ஆனால் மேடை, விளக்கு, ஒலிப்பெருக்கி எல்லாம் இன்னொருவருடையது. வாடகை வீட்டில் கல்யாணம் வைப்பது மாதிரி. ஆணி அடிக்க முடியாது.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். இங்கிலாந்தில் ஒரு மாணவர் சங்க அரங்கில் பதினான்கு வருடமாக ஒலி பார்க்கிறேன். வெளியே தெரியாத சில விஷயங்களைச் சொல்கிறேன். இந்த வழக்கங்கள் அந்தக் காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை.

சவுண்ட்செக், அதாவது கச்சேரிக்கு முந்தைய ஒலிச் சோதனை, தலைகீழாக நடக்கும். கடைசியில் வாசிக்கும் முதன்மைக் குழுவுக்குத்தான் முதல் சோதனை. அவர்களின் டிரம்ஸ் மேடையின் பின்பக்கம் உயரமான பலகையில் ஏறிவிடும், அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடக் கூடாது. மிச்சம் இருக்கிற முன்பக்கத்து ஒடுக்கமான இடத்தில்தான் சப்போர்ட் குழு தன் டிரம்ஸையும் கிட்டார் ஒலிப்பெருக்கிகளான ஆம்ப்களையும் அடுக்க வேண்டும். நாலு பேரும் நேர்க்கோட்டில் ரயில் பெட்டி மாதிரி நிற்பார்கள். முதன்மைக் குழுவின் சோதனை இழுத்துக்கொண்டே போகும். சப்போர்ட் குழுவுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். சில நாள் டிரம்ஸுக்கு மைக் வைத்து முடிக்கும்போதே கதவு திறந்துவிடும், முதல் பாட்டையே சவுண்ட்செக்காக வைத்துக்கொண்டு வாசிப்பார்கள்.

ஒலியைக் கலக்கும் மேசைகள் கணினிமயமாவதற்கு முன்பு இன்னொரு தொல்லை இருந்தது. முதன்மைக் குழுவுக்கு ஒவ்வொரு குமிழும் எந்த அளவில் நிற்க வேண்டும் என்று வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போட்டிருப்பார்கள். ஒரு மைக்குக்கு ஒரு வரிசையாக இருக்கும் அந்தக் குமிழ்களைத் தொட முடியாது. ஓரத்தில் மிஞ்சுகிற எட்டோ பத்தோ வரிசைகளில் முழுக் குழுவையும் அடக்க வேண்டும். நான் வேலை பழகிய மேசையில் டேப்புக்கு மேல் டேப் ஒட்டி, விரல் வைத்தால் பிசுபிசு என்று இருக்கும்.

அரங்கு பாதிதான் நிரம்பியிருக்கும், அதுவும் முக்கியம். பல்கலைக்கழக ஹால் என்றால் மரத் தரை, உயரமான கூரை, வெறும் சுவர். மனித உடம்பும் உடுப்பும்தான் அங்கே எதிரொலியைக் குடிக்கும். ஆளில்லாத இடத்தில் டிரம்ஸை ஓர் அடி அடித்தால் பின்சுவர் வரை போய்த் திரும்பி வரும். பஸ்காக்ஸ் மாதிரி வேகமாக வாசிக்கிற குழுவுக்கு அது பெரிய இடைஞ்சல், எல்லாம் ஒன்றோடு ஒன்று குழம்பிவிடும். ஆனால் அடிகளுக்கு இடையே நிறைய வெற்றிடம் விட்டு வாசிக்கிற குழு என்றால் அந்த எதிரொலியே அவர்களுக்காக ஒரு வாத்தியம் வாசிக்கும்.

நான்காம்கம்பி எழுதியது:

மிக்ஸர் அண்ணா, நீங்கள் கடைசியாகச் சொன்னதைப் படித்துவிட்டு இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். 'அன்னோன் பிளஷர்ஸ்' தட்டில் அதன் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் செய்தது அதுதானே. ஸ்டாக்போர்ட் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாகப் பிரித்துப் பதிந்து, ஒலியைத் தாமதித்து ஒலிக்கச் செய்யும் டிஜிட்டல் டிலே கருவி வழியாக ஓட்டி, ஆளில்லாத பெரிய கூடத்தில் வாசிப்பது போன்ற ஒலியை உண்டாக்கினார். சம்னருக்கும் பேஸ் கிட்டார் வாசித்த பீட்டர் ஹூக்குக்கும் அந்தத் தட்டு முதலில் பிடிக்கவே இல்லை. மேடையில் இருக்கிற முரட்டுத்தனம் போய்விட்டதே என்று வருந்தினார்கள்.

மேடையில் அவர்கள் வாசித்தது வேறு இசை என்பதை மறந்துவிடக் கூடாது. சம்னரின் கிட்டார் ஆம்ப் அலறுகிற அலறலில் தன் பேஸின் கீழ்ச் சுரங்கள் காதிலேயே விழாததால் மேல் சுரங்களுக்குப் போனதாக ஹூக் பலமுறை சொல்லியிருக்கிறார். கர்ட்டிஸ்தான் அது நன்றாக இருக்கிறது, அப்படியே வாசி என்று ஊக்கப்படுத்தியவர். என் பெயரில் இருக்கும் கம்பியே அந்தப் பழக்கத்தைக் கேட்டு நான் காதலித்ததுதான். பேஸ் மெட்டு வாசிக்கிறது, கிட்டார் அதைச் சுற்றிக் கீறுகிறது, டிரம்ஸ் இயந்திரம் போல் நிற்காமல் ஓடுகிறது. இதையெல்லாம் பஸ்காக்ஸின் மூன்று நிமிடக் காதல் பாடல்களைக் கேட்க வந்த கூட்டத்தின் முன்னால் வைத்திருக்கிறார்கள்.

அதோடு அந்தச் சுற்றுப்பயணத்தில் ஆல்பத்தை மட்டும் ஒப்பிக்கவில்லை. 'டெட் சோல்ஸ்', 'காலனி', 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' என்று அதுவரை தட்டாக வெளிவராத பாடல்களையும் வாசித்தார்கள். தன்னைத் தெரியாத கூட்டத்தின் முன் தெரிந்த பாட்டு, தெரியாத பாட்டு என்ற வித்தியாசமே கிடையாது, எல்லாமே புதிது. அந்த விடுதலை முதன்மைக் குழுவுக்கு வாய்க்காது. என் கேள்விக்கு நானே பதிலின் ஒரு பாதியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கேசட்காலம் எழுதியது:

"தன்னைப் பார்க்க வராத கூட்டம்" என்று நான்காம்கம்பி சொல்வதை நான் முழுசாக ஏற்க மாட்டேன். இந்த இரண்டு குழுவும் ஒரே தெருவில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி.

1976 ஜூன் 4, மான்செஸ்டர் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் லண்டன் பங்க் குழு செக்ஸ் பிஸ்டல்ஸின் கச்சேரி. ஏற்பாடு செய்தது பஸ்காக்ஸின் ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும். பார்வையாளர்களில் சம்னரும் ஹூக்கும் இருந்தார்கள், அந்த இரவுக்குப் பிறகுதான் குழு தொடங்கும் எண்ணமே அவர்களுக்கு வந்தது. 1977 மே 29, எலெக்ட்ரிக் சர்க்கஸில் அவர்களின் முதல் கச்சேரி. அப்போது பெயர் வார்சா. அன்றும் முதன்மைக் குழு யார்? பஸ்காக்ஸ்தான்! 1977 தொடக்கத்தில் பஸ்காக்ஸ் கடன் வாங்கிச் சொந்தமாக வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' தட்டின் தயாரிப்பாளரும் இதே ஹானெட்தான்.

அதனால் 1979 சுற்றுப்பயணம் எங்கிருந்தோ திடீரென்று வந்த வாய்ப்பு கிடையாது. இரண்டரை வருடத்துக்கு முன் முதல்முறை மேடையேற இடம் கொடுத்தவர்களே மறுபடி கூப்பிட்டார்கள். லிவர்பூலில்கூட அதே வருடம் எரிக்ஸ் கிளப்பில் ஜாய் டிவிஷன் வாசித்திருந்தது. மவுண்ட்ஃபோர்ட் ஹாலில் நின்றவர்களில் சிலராவது இவர்களுக்காகவும் வந்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பஸ்காக்ஸைக் குறைத்துப் பேசுகிற ஒரு வழக்கமும் இருக்கிறது. இந்தச் சுற்றுப்பயணத்தில் முன்னால் வாசித்தவர்கள் பின்னால் வந்தவர்களை அமுக்கிவிட்டார்கள் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அமுக்கக்கூடிய ஒரு குழுவைத் தெரிந்தே கூட அழைத்துப் போகிற மனசு எத்தனை பேருக்கு வரும்? ஷெல்லி 2018-இல் இறந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

வடக்குமழை எழுதியது:

பல்கலைக்கழக அரங்கு என்றதும் எல்லோரும் கொஞ்சம் கனவோடு பேசுகிறீர்கள். நான் லிவர்பூலில் படித்தவன், அந்தக் கட்டிடத்துக்குள் எத்தனையோ இரவு நின்றிருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை.

பல இடங்களில் மாணவர் அட்டை இருந்தால்தான் உள்ளே போகலாம், இல்லாவிட்டால் மாணவர் யாராவது விருந்தினராகக் கையெழுத்துப் போட வேண்டும். 1978 முதல் 1981 வரை பிபிசி 'ராக் கோஸ் டு காலேஜ்' என்று கல்லூரி அரங்குகளிலிருந்து கச்சேரிகளை ஒளிபரப்பியது. 1978 அக்டோபரில் சர்ரே பல்கலைக்கழகத்தில் அதற்காக வாசித்த ஸ்டிராங்க்ளர்ஸ் குழுவினர் பாதியிலேயே மேடையை விட்டு இறங்கிவிட்டார்கள். ஊர் மக்களுக்கும் டிக்கெட் தருவதாகச் சொன்ன பேச்சு காப்பாற்றப்படவில்லை என்பதுதான் காரணம். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் கில்ட்ஃபோர்ட் அவர்கள் சொந்த ஊர் மாதிரி. தங்களோடு வளர்ந்த ஆட்கள் வெளியே நிற்க, உள்ளே மாணவர்களுக்கு மட்டும் வாசிக்க மாட்டோம் என்றார்கள்.

பங்க் இசையை உருவாக்கியவர்களில் பலர் பதினாறு வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர்கள். கர்ட்டிஸ், ஹூக், சம்னர் யாரும் பல்கலைக்கழகம் போனதில்லை. அவர்கள் வயதொத்த மாணவர்கள் கீழே நிற்க, இவர்கள் மேலே நின்று வாசித்தார்கள். அதில் இருக்கிற இடைவெளியையும் பேசுங்கள்.

நான்காம்கம்பி எழுதியது:

வடக்குமழை, நீங்கள் சொல்வது நியாயம். நான் அதை யோசிக்கவில்லை.

ஆனாலும் இன்னொரு பக்கத்தையும் வைக்கிறேன். அந்த மாணவர் சங்கங்களிடம் பணம் இருந்தது, கூடம் இருந்தது, குழுக்களை அழைப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மாணவர் பொறுப்பாளர் இருந்தார். லாபக் கணக்கு மட்டும் பார்க்கிற கிளப் முதலாளி துணியாததை இருபது வயதுப் பொறுப்பாளர் துணிந்து செய்தார். சுற்றுப்பயணத்தின் இரண்டாம் இரவு நடந்த லீட்ஸ் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் மத்தியானம் சாப்பிடுகிற உணவுக்கூடம்தான் அங்கே பெரிய கச்சேரி மேடை. த ஹூ குழு 1970 பிப்ரவரி 14 அன்று தன் புகழ்பெற்ற நேரடிப் பதிவைச் செய்தது அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில்தான். அதே பல்கலைக்கழக மாணவர்களிடமிருந்துதான் கேங் ஆஃப் ஃபோர், மீகான்ஸ், டெல்டா 5 என்ற குழுக்கள் எல்லாம் வந்தன. அங்கே பார்வையாளருக்கும் மேடைக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மிக்ஸர்மேசை எழுதியது:

ஸ்டிராங்க்ளர்ஸ் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. சப்போர்ட் குழுவுக்கு விளக்கும் சொந்தமில்லை என்று முதலில் எழுதினேன் அல்லவா? அதன் விலை 1980 ஏப்ரல் 4 அன்று தெரிந்தது.

லண்டன் ரெயின்போ அரங்கம். முதன்மைக் குழு ஸ்டிராங்க்ளர்ஸ், முன்னால் வாசித்தவர்களில் ஜாய் டிவிஷனும் ஒன்று. கர்ட்டிஸுக்கு வலிப்பு நோய் இருப்பது 1979 ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. விட்டுவிட்டு மின்னுகிற ஸ்ட்ரோப் விளக்கு வேண்டாம் என்று மேலாளர் ராப் கிரெட்டன் சொல்லியிருந்தார். விளக்கு மேசையில் இருந்தவர்கள் அதை மீறிப் போட்டுவிட்டார்கள். கர்ட்டிஸ் தடுமாறி டிரம்ஸ் மீது விழுந்தார். அவர் ஆடுகிற ஆட்டமே கை கால் வெட்டி இழுப்பது போல் இருக்கும் என்பதால் கூட்டத்தில் பலருக்கு அது நடிப்பா நிஜமா என்று புரியவில்லை. அதே இரவு இன்னொரு கிளப்பில் இன்னொரு கச்சேரியும் வாசித்தார்கள்.

என் அரங்கில் எந்தச் சின்னக் குழு வந்தாலும் முதலில் நான் கேட்பது, விளக்கில் உங்களுக்கு ஆகாதது ஏதாவது இருக்கிறதா என்றுதான். பதிலை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி விளக்கு மேசையில் ஒட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

ஈரக்கயிறு எழுதியது:

இவ்வளவு நாள் வாசகனாக மட்டும் இருந்தேன். மிக்ஸர் அண்ணாவின் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

சில வருடங்களுக்கு முன் நானும் நண்பர்களும் ஒரு பல்கலைக்கழக அரங்கில் சப்போர்ட்டாக வாசித்தோம். இடம் வேண்டாம், பெயரும் வேண்டாம். நாற்பது நிமிடம் என்று சொல்லி அழைத்தார்கள், மேடைக்கு ஏறும்போது இருபத்தைந்து என்றார்கள். இரண்டாவது பாட்டில் என் குரலை எனக்குக் கேட்கவைக்கும் மேடை ஒலிப்பெருக்கி, அதாவது மானிட்டர், செத்துப்போனது. கையைக் காட்டினேன், யாரும் வரவில்லை. என் குரலே எனக்குக் கேட்காமல் மீதி நான்கு பாட்டையும் பாடினேன். டிரம்ஸ் வாசிப்பவனின் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு, அது ஏறி இறங்குவதை வைத்துத் தாளத்தைப் பிடித்தேன். அந்த இரவு அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் இறங்கி வரும்போது முன்வரிசைக் கம்பியில் சாய்ந்துகொண்டு நின்ற ஒரு பெண், மூன்றாவது பாட்டின் பெயர் என்ன என்று கேட்டாள். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். நாங்கள் இன்னும் வாசிக்கிறோம்.

கேசட்காலம் எழுதியது:

ஈரக்கயிறு, தொடர்ந்து எழுதுங்கள். உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு ஒரு கேசட் நினைவுக்கு வந்தது. எ செர்ட்டன் ரேஷியோ, இதுவும் ஃபேக்டரி நிறுவனத்து மான்செஸ்டர் குழு. 1980-இல் 'த கிரேவ்யார்ட் அண்ட் த பால்ரூம்' என்று அவர்களின் கேசட் வந்தது. ஒரு பக்கம் ஹானெட்டுடன் ஸ்டுடியோவில் பதிந்தது. மறு பக்கம் 1979 அக்டோபரில் லண்டன் எலெக்ட்ரிக் பால்ரூமில் வேறொரு குழுவுக்கு முன்னால் சப்போர்ட்டாக வாசித்தது. ஒரு சப்போர்ட் கச்சேரி கேசட்டின் முழுப் பக்கமாகவே வெளியாகியிருக்கிறது! கேட்டுப் பாருங்கள். பேஸும் டிரம்ஸும் நடன இசை பக்கம் இழுக்க, கிட்டாரும் குரலும் இருட்டுக்குள் இழுக்கும். அந்த இழுபறிதான் அவர்கள் இசை.

ஏன் இவர்களைச் சொல்கிறேன் என்றால், 1980 மே 2, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம், ஹை ஹால். அன்று முதன்மைக் குழு ஜாய் டிவிஷன். முன்னால் வாசித்தவர்கள் எ செர்ட்டன் ரேஷியோ. லிவர்பூல் இரவுக்குச் சரியாக ஏழு மாதம். ஒரு பல்கலைக்கழக அரங்கில் முன்னால் வாசித்தவர்கள் இன்னொரு பல்கலைக்கழக அரங்கில் கடைசியாக வாசித்தார்கள். அதுவே அவர்களின் கடைசிக் கச்சேரியும் ஆகிவிட்டது.

எட்டாம்தளம் எழுதியது:

நான் பர்மிங்ஹாமில் மூன்று வருடம் இருந்தேன். ஹை ஹால் என்பது வேல் என்கிற மாணவர் குடியிருப்புப் பகுதியில் இருந்த உயரமான விடுதி. பெரிய கச்சேரி மாளிகை எதுவும் இல்லை, மாணவர்கள் தங்கிய இடத்தின் கூடம். அந்தக் கோபுரத்தை இடித்துப் புதிய விடுதி கட்டிவிட்டார்கள். பக்கத்தில் ஏரி இருக்கிறது, வாத்துகள் இருக்கின்றன. முதல் முறை தேடிக்கொண்டு போனபோது அங்கே துணி துவைத்துக் கூடையில் எடுத்துப் போன ஒரு மாணவனிடம் கேட்டேன். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் நான் சொல்லச் சொல்லக் கூடையைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டான்.

அன்று 'செரிமனி' பாட்டை முதல் முறையாக மேடையில் வாசித்தார்கள். அவர்கள் வாசித்ததும் அந்த ஒரு முறைதான். 1981-இல் வந்த 'ஸ்டில்' தொகுப்பில் இருக்கிறது. தொடக்கத்தில் கர்ட்டிஸின் குரல் அமுங்கிக் கிடக்கும், போகப் போகத்தான் மேலே வரும். கர்ட்டிஸ் இறந்தபின் மற்றவர்கள் நியூ ஆர்டர் என்ற பெயரில் இதைத் தட்டாகப் போட நினைத்தபோது வரிகள் யாரிடமும் எழுத்தில் இல்லை. சம்னர் பதிவை கிராஃபிக் ஈக்வலைசரில் ஓட்டி, குரல் இருக்கிற அலைவரிசையை மட்டும் தூக்கிக் கேட்டு வரிகளைப் பிடித்தார். ஹை ஹாலில் அன்று 'டெக்கேட்ஸ்' பாட்டு முடிவதற்குள் கர்ட்டிஸ் மேடையை விட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து 'டிஜிட்டல்' பாடினார்.

நான்காம்கம்பி எழுதியது:

எட்டாம்தளம், அந்தச் சலவைக் கூடை மாணவனை நான் மறக்க மாட்டேன்.

மறுபடியும் மே மாதத்துக்கே வந்துவிட்டோம், பரவாயில்லை. ஆனால் இந்த முறை அக்டோபர் வழியாக வந்திருக்கிறோம். ஹை ஹாலில் எ செர்ட்டன் ரேஷியோ ஏறியபோது அரங்கின் பின்பக்கம் நின்று ஜாய் டிவிஷன்காரர்கள் கேட்டார்களா? எனக்கு அதைத்தான் தெரிந்துகொள்ள ஆசை.

புதியவள்22 எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். அக்டோபர் சுற்றுப்பயணத்தில் அவர்கள் சப்போர்ட்டாக வாசித்ததை எங்காவது பார்க்க முடியுமா?

கேசட்காலம் எழுதியது:

முடியும். 1979 அக்டோபர் 27, 28 மான்செஸ்டர் அப்பல்லோவில் இதே சுற்றுப்பயணத்தைப் படம் பிடித்தார்கள். 1982-இல் ஃபேக்டரி 'ஹியர் ஆர் த யங் மென்' என்ற வீடியோ கேசட்டாக வெளியிட்டது. படம் இருட்டாக இருக்கும், ஒலியும் மங்கல்தான். ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள்.

புதியவள்22 எழுதியது:

பார்த்துவிட்டேன். முகங்கள்கூடச் சரியாகத் தெரியவில்லை. கர்ட்டிஸ் ஆடும்போது மற்ற மூன்று பேரும் அவரைப் பார்க்கவே இல்லை என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவரவர் வாத்தியத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் பல்கலைக்கழக அரங்கில் ஒரு கச்சேரி இருக்கிறது. சப்போர்ட் குழுவின் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போதே போகப் போகிறேன். எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும் அண்ணா?

மிக்ஸர்மேசை எழுதியது:

கலவை மேசைக்கு ஓர் அடி முன்னால் நில்லுங்கள். மேசை அரங்கின் நடுவில் இருந்தால் இன்னும் நல்லது. சுவரோரமும் பால்கனிக்கு அடியிலும் நிற்க வேண்டாம், பேஸ் மட்டும் திரண்டு நிற்கும். காதுக்கு அடைப்பான் எடுத்துக்கொண்டு போங்கள். ஏழரைக்கெல்லாம் ஏறிவிடுவார்கள், பஸ்ஸைத் தவற விடாதீர்கள்.